ஊசி பாதி, மடி பாதி

என் மகனுக்கு ஒன்பது வயது. பிறந்த உடனே அழவில்லை, மூச்சு வரச் சுணங்கிவிட்டது. ஒன்றரை வயதில் கிளினிக்கில் செரிபிரல் பால்சி என்றார்கள், மூளை வாதம். இடக்கைப் பெருவிரல் எப்போதும் உள்ளங்கைக்குள் மடிந்தே கிடக்கும். குளிப்பாட்டும்போது விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத்தான் உள்ளே ஊறியதைக் கழுவ வேணும். அந்த மணம் இப்படிப் பிள்ளை வளர்க்கிற தாய்மாருக்குத் தெரியும்.

போன வருடம் மாமிதான் அக்குபங்சர் என்ற சீன ஊசி வைத்தியத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தார். நெல்லியடியில் 750 பஸ் ஏறி யாழ்ப்பாணம், கிழமைக்கு இரண்டு நாள். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த ஊசி. உச்சந்தலையில் ஒன்று, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று. இருபது நிமிடம் ஆடாமல் இருக்க வேணுமாம். இவனிடம் போய் ஆடாதே என்றால்? மடியில் அணைத்து வைத்துக்கொண்டேன். முதல் நாள் கத்திக் குளறினான், நாலாம் நாள் ஊசிகளை எண்ணினான்.

ஐந்தாறு தரம் போன பிறகு இரவில் எழும்பாமல் நித்திரை கொண்டான். ஊசி எடுத்த கையோடு விரல்கள் தளர்ந்திருக்கும், பஸ் டிக்கெட்டை அவனே பிடித்துக்கொண்டு வருவான். வீட்டுப் படலைக்கு வரும்போது பழையபடி மடிந்துவிடும். ஊசி பாதி, மடி பாதி என்றுதான் எனக்குப் படுகிறது.

சிக்கல் பிறகுதான் வந்தது. "பிசியோதெரபிப் பயிற்சியையும் அந்தக் குளிசையையும் விடுங்கோ, நரம்பு தானாகத் திறக்கும்" என்றார் ஊசி போட்டவர். நல்லகாலம், தசை இறுக்கத்தைக் குறைக்கிற பக்லோஃபென் குளிசையை நிறுத்தவில்லை. திடீரென விட்டால் இறுக்கம் இன்னும் கூடும், வலிப்பும் வரலாம் என்று டொக்டர் பிறகு ஏசினார். பிசியோவை மட்டும் இரண்டு மாதம் விட்டோம். குதிக்கால் நிலத்தில் முட்டாமல் போய், காலை நேராகப் பிடிக்கிற ஸ்பிளின்டும் கொளுவ முடியவில்லை. பழைய நிலைக்கு வர ஐந்து மாதம் எடுத்தது.

இப்போது காலையில் அரை மணித்தியாலம் கால் இழுத்துப் பிடிக்கிற பயிற்சி, அப்புறம் பள்ளிக்கூடம். ஊசி மாதம் ஒருக்கா, வேறொருவரிடம். அவர் கிளினிக் கொப்பியைப் பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பார்.

*

அக்கா, நீங்கள் எழுதியதை வாசித்தேன். எங்கள் மகளுக்கும் மூளை வாதம்தான், ஆனால் இறுக்கம் இல்லை. பிறந்த கிழமை மஞ்சள் காமாலை கூடிப்போய் வந்தது, கை கால் தன்பாட்டில் முறுகி ஆடும். ஊசி குத்தி வைத்தால் வளைந்துவிடும் என்று பிசியோ மிஸ் வேண்டாம் என்றார். அந்த இடங்களை அம்மம்மா விரலால் அமத்திவிடுகிறார். பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் பின்னேரம் ஆறு மணிக்குப் பேத்தியே காலை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறாள்.

*

எங்கள் பிள்ளைக்கும் இதே வாதம்தான். ஊசி போடுகிற இடத்தில் எங்களுக்குச் சீன ஆய்வுகளைக் காட்டினார்கள். தம்பியிடம் கொடுத்து வாசித்துப் பார்த்தால், அநேகமாகச் சின்னச் சின்ன ஆய்வுகள், பிசியோவோடு சேர்த்து ஊசி போட்டவை. அந்த வரியை மட்டும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இன்னொன்று, ஊசி புதிதுதானா என்று தெரிய, ஊசிப் பக்கெட்டை உங்கள் கண்முன்னால் பிரிக்கச் சொல்லுங்கோ. நான் ஓரிடத்தில் கேட்டதற்கு அவருக்கு முகம் கறுத்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன்.