லினக்ஸ்ல சேவ் பண்ணி வச்ச வைஃபை பாஸ்வேர்ட் காலை வாரின கதை இருந்தா சொல்லுங்க

மொட்டைமாடி வாசி:
போன வாரம் நடந்தது, இன்னும் உறுத்துது. உபுண்டு (என் லினக்ஸ்) லாகின் பாஸ்வேர்ட் மறந்துபோச்சு, ராத்திரியே ரெக்கவரி மோட்ல ரூட்டா, அதாவது அட்மினா உள்ள போய் புது பாஸ்வேர்ட் போட்டுட்டு பெருமையா தூங்கிட்டேன். காலைல 10 மணிக்கு இன்டர்வியூ, 9:52க்கு ஒரு பெட்டி வந்து நிக்குது, லாகின் கீரிங்கை (சேவ் பண்ண பாஸ்வேர்டையெல்லாம் பூட்டி வைக்கிற பெட்டகம், பழைய லாகின் பாஸ்வேர்டுக்குத்தான் திறக்கும்) திறக்க பாஸ்வேர்ட் குடுன்னு. புதுசு அடிச்சா ஏத்துக்கல. பழசுதான் மறந்துபோச்சே! கேன்சல் பண்ணா வைஃபை பாஸ்வேர்ட் கேக்குது, அது அண்ணன் போட்டது, அவன் நைட் ஷிஃப்ட் முடிச்சு போனை சைலன்ட்ல போட்டு குறட்டை விடுறான். அந்தப் பெட்டியை நான் மூடுறேன், அது வருது, மூடுறேன், வருது. கடைசில அம்மா போன் ஹாட்ஸ்பாட்டுலதான் பேசினேன். வைஃபை செட்டிங்ல 'எல்லா யூசருக்கும்'ங்கற டிக்கை பாதுகாப்புன்னு எடுத்துவிட்டதே நான்தான், அதான் பாஸ்வேர்ட் கீரிங்குக்குள்ள போய் உக்காந்திருக்கு.

வேளச்சேரி ரூம்மேட்:
என் கதை வேற. வைஃபை போட்ட நண்பன் ரூமை காலி பண்ணிட்டு போயிட்டான், புதுசா வந்த பையன் பாஸ்வேர்ட் கேக்குறான். எனக்கெங்க தெரியும், என் லேப்டாப்ல அவனேதான் அடிச்சு குடுத்தான், கேட்டா சிரிப்பான், சொல்லமாட்டான். டெர்மினல்ல, அதான் கமாண்ட் அடிக்கிற விண்டோல, nmcli device wifi show-passwordனு அடிச்சேன். க்யூஆர் கோடோட பாஸ்வேர்டும் பளிச்சுனு வந்துச்சு: "வாடகை எப்ப தருவ", நடுவுல ஸ்பேஸ் இல்லாம, கடைசில என் பைக் நம்பர். புதுப் பையன் பக்கத்துலயே நிக்கிறான். ரெண்டு வருஷமா இதுலதான் கனெக்ட் ஆயிருந்திருக்கேன்.

டெர்மினல் தாத்தா:
@வேளச்சேரி, சிரிச்சேன், ஆனா இதைப் படிச்சுட்டு 'லினக்ஸ்ல பாஸ்வேர்ட் அப்படியே கிடக்கு, பாதுகாப்பே இல்ல'ன்னு ஒருத்தர் கிளம்புவார், அதுக்கு முன்னாடி சொல்லிடறேன். வைஃபையைப் பார்த்துக்கற நெட்வொர்க்மேனேஜர்ங்கற புரோகிராமோட சிஸ்டம்-கனெக்ஷன்ஸ் ஃபோல்டர்லதான் பாஸ்வேர்ட் ஃபைல் இருக்கும், அது 600 பர்மிஷன், அதாவது ஓனரான ரூட் மட்டும்தான் படிக்கலாம். டிஸ்கை என்கிரிப்ட் பண்ணலன்னா லைவ் யூஎஸ்பி, அதான் பென்டிரைவ்லேர்ந்தே ஓடற லினக்ஸ் போட்டு எவனும் படிப்பான், அது வேற விஷயம். @மொட்டைமாடி, அந்த ஃபைலுக்குள்ள பிஎஸ்கே-ஃப்ளாக்ஸ்னு (psk-flags, பாஸ்வேர்ட் எங்க இருக்குன்னு சொல்றது) ஒரு வரி இருக்கும் தம்பி, 1னா கீரிங்குல இருக்கு, 0னா ஃபைல்லயே, 2னா சேவே பண்ணாது, தினமும் கேக்கும். டிக்கை திரும்பப் போட்டு பாஸ்வேர்டை ஒரு தடவை அடி, போதும். கீரிங்கை மட்டும் அழிச்சுடாத, குரோம்ல சேவ் பண்ண பாஸ்வேர்டுக்கான சாவியும் அதுக்குள்ளதான் இருக்கு. பேக்கப்லேர்ந்து இந்த ஃபைலை காப்பி பண்ணா ஓனர் ரூட்டா, பர்மிஷன் 600ஆன்னு பாரு, இல்லன்னா நெட்வொர்க்மேனேஜர் சீண்டக்கூட சீண்டாது. என் அனுபவம்னா, உபுண்டு 23.10க்கு மாறினதும் அந்த ஃபோல்டரைத் திறந்தா காலி, நெஞ்சு ஒரு நிமிஷம் நின்னுபோச்சு. எல்லாம் நெட்பிளான்னு (உபுண்டுவோட நெட்வொர்க் செட்டிங் டூல்) இன்னொரு ஃபோல்டருக்கு யாமல்ங்கற (YAML) வகை டெக்ஸ்ட் ஃபைலா குடி போயிருந்துச்சு.

கேபிள் சிக்கல்:
தாத்தா, கதை ரெண்டு வரி, அட்வைஸ் ரெண்டு பக்கமா? 😄 எங்க வீட்ல ரூட்டர் மாத்தினாங்க, பேரும் பாஸ்வேர்டும் அதேதான். போன், டிவி எல்லாம் ஏறிடுச்சு, லேப்டாப் மட்டும் ஏறல. மாத்த வந்தவர் ஸ்க்ரீனைப் பார்த்துட்டு, "இது என்ன சார், விண்டோஸ் இல்லையா"ன்னு ஸ்க்ரூடிரைவரை பைக்குள்ள போட்டுட்டு கிளம்பிட்டார். அவர் முகத்துல இருந்த அந்த இரக்கம் இருக்கே! ராத்திரி 1 மணிக்குதான் கண்டுபிடிச்சேன், எப்பவோ நோண்டும்போது, இந்த ஒரு ரூட்டர்ல மட்டும்தான் ஏறணும்னு சொல்ற பிஎஸ்எஸ்ஐடி கட்டத்துல பழைய ரூட்டரோட அட்ரஸை நானே பூட்டி வச்சிருக்கேன். அந்த கனெக்ஷனை டிலீட் பண்ணி புதுசா சேர்த்தேன், உடனே ஏறிடுச்சு.

மொட்டைமாடி வாசி:
தாத்தா, கீரிங்கை நேத்தே அழிச்சுட்டேன். இப்ப குரோம்ல ஒரு பாஸ்வேர்டும் இல்ல.