சுவர்ல ஓட்டை போட முடியாது, போர்ட்டபிள் ஏசி சரிவருமா?

மாடிவீடு:
வணக்கம். வாடகை வீடு, மேல்மாடி, பெட்ரூம் 10-க்கு 12 அடி. சுவர்ல ஓட்டை போடக்கூடாது, வெளிய யூனிட் மாட்டக்கூடாதுன்னு ஓனர் கறாரா சொல்லிட்டார். அம்மாவுக்கு 70 வயசு, ராத்திரி பூரா தூக்கம் வராம புரண்டுட்டே இருக்காங்க, தளம் பகல்ல வாங்குன சூட்டை நடுராத்திரி வரைக்கும் கக்குது, ஃபேன் போட்டா அந்த அனல்தான் மூஞ்சில அடிக்குது. அதான் போர்ட்டபிள் ஏசி பாக்குறேன். ஒண்ணுல ட்யூபே இல்ல, தண்ணி ஊத்துனா போதும்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல தடியா ஒரு ட்யூப் வருது. எது வாங்க? 1 டன் போதுமா? வச்சிருக்கறவங்க உள்ளதை சொல்லுங்க ப்ளீஸ்.

சன்னலோரம்:
தண்ணி ஊத்துறது ஏசியே இல்லங்க, அது ஏர் கூலர். வறண்ட காத்துல நல்லா வேலை செய்யும், ஆனா புழுக்கமான ஊர்ல மூடுன ரூமுக்குள்ள வச்சா ஈரம் ஏறி இன்னும் பிசுபிசுன்னு ஆயிடும். கம்ப்ரஸர் இருக்கா, சூட்டை வெளிய தள்ள ட்யூப் இருக்கான்னு மட்டும் பாருங்க. ரெண்டும் இல்லேன்னா பெட்டி மேல என்ன எழுதியிருந்தாலும் வாங்காதீங்க, வயசானவங்க படுக்குற ரூம்.

சர்வீஸ்காரன்:
தம்பி, நான் ஏசி சர்வீஸ்ல பல வருஷமா இருக்கேன், கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். ஒத்தை ட்யூப் மாடல்ல என்ன நடக்குதுன்னா, உள்ள சூடாகுற காயிலை ஆத்துறதுக்கு அது ரூம் காத்தையே இழுத்து ட்யூப் வழியா வெளிய தள்ளுது, அதாவது நீங்க கரண்ட் குடுத்து குளிர வச்ச காத்துல ஒரு பங்கு வெளிய போயிட்டே இருக்கு. போன காத்துக்கு ஈடா கதவிடுக்கு, சன்னல் சந்து எல்லாம் வழியா வெளிச்சூடு உள்ள வரும். ஏசி ஓடும்போது கதவுக்கு அடில ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை பிடிச்சு பாருங்க, ரூம் பக்கமா இழுத்துட்டு படபடன்னு ஆடும், அதான் அது.

அதனால ரெண்டு ட்யூப் மாடல் கிடைச்சா அதையே எடுங்க. ஒரு ட்யூப் வெளிக்காத்தை இழுத்து காயிலை ஆத்தும், இன்னொண்ணு அதை வெளிய விடும், ரூம் காத்து ரூம்லயே இருக்கும். ட்யூபுக்குள்ள ட்யூப் வச்சு வெளிப்பார்வைக்கு ஒண்ணு மாதிரி வர்றதும் இருக்கு.

டன் கணக்குல ஏமாந்துடாதீங்க. 1 டன்னா மணிக்கு 12,000 பிடியூ (எவ்வளவு சூட்டை வெளிய எடுக்கும்ங்கற அளவு). ஆனா சில பெட்டில ரெண்டு நம்பர் போட்டிருப்பாங்க, பெருசா 14,000, கீழ சின்னதா எஸ்ஏசிசின்னு போட்டு 10,000 இல்ல அதுக்கும் கம்மி. சின்ன நம்பர்தான் இந்த காத்துக் கசிவையும் ட்யூப் சூட்டையும் கழிச்ச கணக்கு, அதை பாத்து வாங்குங்க. உங்களுது வெயில் நேரா இறங்குற மேல்மாடி, 1 டன் ஸ்பிளிட் குடுக்குற குளிரை 1 டன் போர்ட்டபிள்கிட்ட எதிர்பாக்க முடியாது.

முக்கியமா ஒண்ணு, அந்த ரூம்லயோ ஒட்டுன பாத்ரூம்லயோ கேஸ் கீசர் இருந்தா ஒத்தை ட்யூப் வேண்டவே வேண்டாம். இழுக்குற இழுப்புல கீசர் புகை வீட்டுக்குள்ள திரும்பிடும், உயிருக்கே ஆபத்து.

தூக்கம்போச்சு:
நான் 2 வருஷமா ஒத்தை ட்யூப் வச்சிருக்கேன். குளிருது, இல்லேன்னு சொல்லமாட்டேன், ஆனா சத்தம் இருக்குங்க, கம்ப்ரஸர் கட்டில் பக்கத்துலயே ஓடுதுல்ல. அம்மாவுக்கு லேசான தூக்கம்னா கடைல ஓடவிட்டு கேட்டுட்டு வாங்குங்க, இன்வர்ட்டர் மாடல் கொஞ்சம் அமைதி. அப்புறம் தண்ணி. காத்துல இருக்குற ஈரம் தண்ணியாகி உள்ள டேங்க்ல சேரும், மழை பெஞ்ச ராத்திரில அது ரொம்பி 3 மணிக்கு பீப் பீப்னு கத்திட்டு நின்னுடுச்சு, 30 கிலோ பெட்டியை அரைத்தூக்கத்துல நகர்த்தி தண்ணி இறக்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. இப்ப பின்னாடி மூடியை கழட்டி சின்ன பைப் மாட்டி பாத்ரூம் பக்கம் சரிவா விட்டுட்டேன், தொந்தரவே இல்ல. ட்யூபை தொட்டா கை சுடுற மாதிரி இருக்கும், அது ரூமுக்குள்ள ஹீட்டர் வச்ச கதைதான், அதனால நீட்டாம வளைக்காம சன்னல்கிட்டயே வைங்க.

மாடிவீடு:
ரொம்ப நன்றிண்ணா, எல்லாருக்கும்தான். கீசர் கரண்ட்ல ஓடுறதுதான், பயமில்ல. ஆனா சன்னல் வெளிப்பக்கம் திறக்குற ரெட்டைக் கதவு, உள்ள கம்பி இருக்கு. கூட வர்ற பிளாஸ்டிக் பட்டை தள்ளுற சன்னலுக்குன்னு போட்டிருக்கே? ப்ளக் பாயிண்ட்டும் தூரமா இருக்கு, எக்ஸ்டென்ஷன்ல போடலாமா?

சர்வீஸ்காரன்:
எக்ஸ்டென்ஷன் கூடவே கூடாது தம்பி. மணிக்கணக்கா 1,000 வாட்டுக்கு மேல இழுக்கும், சாதா ஒயர் சூடாகி உருகிடும். 16 ஆம்ப் பவர் ப்ளக்ல நேரா சொருகுங்க, இல்லேன்னா எலக்ட்ரீஷியனை வச்சு சன்னல் பக்கம் ஒரு பாயிண்ட் இழுத்துக்கோங்க.

சன்னலுக்கு ஒரு கதவை மட்டும் திறந்து, அந்த அளவுக்கு அக்ரிலிக் ஷீட் வெட்டி, ட்யூப் வாய்க்கு வட்டமா ஓட்டை போட்டு, கம்பிக்கு உள்பக்கமா நிறுத்தி சுத்தி ஃபோம் டேப் ஒட்டிடுங்க. வாய் கம்பியை ஒட்டியே இருக்கணும், நடுவுல சந்து விட்டா சூடு திரும்ப உள்ள வரும். ரெண்டு ட்யூப் மாடல்னா ரெண்டு ஓட்டையையும் தள்ளித் தள்ளி போடுங்க, இல்லேன்னா விட்ட சூட்டையே மறுபடி இழுத்துக்கும். வீடு காலி பண்ணும்போது ஷீட்டோட கழட்டிட்டு போயிடலாம், ஓனர் ஒண்ணும் சொல்ல முடியாது.

பெட்டி வீட்டுக்கு படுக்கவச்சு வந்திருந்தா நிமிர்த்தி வச்சு மேனுவல்ல சொன்ன நேரம் கழிச்சு போடுங்க, கம்ப்ரஸர் ஆயில் இறங்கணும்.

மாடிவீடு:
சரிண்ணா. ரெண்டு ட்யூப் மாடலையே தேடுறேன், சத்தத்தை அம்மாவையே கூட்டிட்டு போய் கேக்க வச்சிடுறேன். சன்னல் அளவு எடுத்தாச்சு, ஷீட் வெட்டி மாட்டுனதும் போட்டோ போடுறேன்.