1911 கைத்துப்பாக்கியின் எக்ஸ்ட்ராக்டரைச் சரிசெய்த அனுபவம்

டெக்சாஸில் கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் கைத்துப்பாக்கி வாங்கினேன். எச்1பி விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாக அனுமதி கிடையாது, அவசரப்பட்டு வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள். நான் வாங்கியது யாரோ பயன்படுத்திய 1911 வகை. ஜான் பிரௌனிங் வடிவமைத்து, 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டு, 1985 வரை கைவிடாமல் வைத்திருந்த வடிவம் அது.

சுட்டதும் காலி உறை ஒழுங்காக வெளியே விழாததுதான் தொல்லை. ஒரு தடவை வலப்பக்கம் பறக்கும், அடுத்த தடவை நெற்றியில் வந்து அடிக்கும், சில நேரம் ஸ்லைடின் (சுடும்போது பின்னே போய் முன்னே வரும் மேல்பகுதி) வாயிலேயே செங்குத்தாகச் சிக்கிக்கொள்ளும். வேறு தோட்டா, வேறு மேகசின் (தோட்டாக்கள் அடுக்கும் கூடு), ஸ்லைடை முன்னே தள்ளுகிற ரீகாயில் ஸ்பிரிங்கில் புதிதாக 16 பவுண்டு ஒன்று என்று எல்லாம் மாற்றிப் பார்த்தேன். எதுவும் உதவவில்லை.

எதிர்வீட்டுப் பெரியவர் லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துப்பாக்கி வேலை அவருக்கு அத்துப்படி. விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "சேம்பருக்குள்ளே ஒரு தோட்டாவைக் கையால் போட்டுவிட்டு ஸ்லைடை மூடுகிற பழக்கம் முன்னால் வைத்திருந்தவருக்கு இருந்திருக்குமோ?"

அது ஏன் முக்கியம் என்று அவருடைய கராஜில்தான் புரிந்தது. சேம்பர் என்பது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்; எக்ஸ்ட்ராக்டர் என்பது சுட்டபின் காலி உறையை அங்கிருந்து பிடித்து இழுக்கிற கொக்கி. 1911-இல் மேகசினிலிருந்து மேலே ஏறும் தோட்டாவின் விளிம்பு, எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்குள் கீழிருந்து வழுக்கிப் போய் உட்கார வேண்டும். தோட்டா ஏற்கெனவே சேம்பரில் இருந்தால், கொக்கி அந்த விளிம்பின் மேல் ஏறித் தாவ வேண்டியிருக்கிறது. இப்படியே பல தடவை நடந்தால் அதன் பிடி தளர்ந்துவிடும். இப்போது வருகிற பல துப்பாக்கிகளில் எக்ஸ்ட்ராக்டரை அழுத்திப் பிடிக்கத் தனி ஸ்பிரிங் உண்டு. இதில் விரல் நீளத்துக்கு ஒரே எஃகுத் துண்டு, அதுவேதான் ஸ்பிரிங்கும்.

வேலை தொடங்கும் முன் தோட்டாக்கள் எல்லாம் வேறு அறைக்குப் போயின. மேகசினைக் கழற்றி, சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டும் தடவிப் பார்த்தார். இருவரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டோம். குழலின் முன்முனையைப் பிடித்திருக்கும் வளையமான பேரல் புஷ்ஷிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முனையில் இருக்கும் பிளக் கண்ணை நோக்கிப் பாயக்கூடும்.

எக்ஸ்ட்ராக்டரை உருவி, துடைத்து, மறுபடி பொருத்தி, ஸ்லைடை மட்டும் கையில் எடுத்தார். மருந்தில்லாத போலித் தோட்டாவின் விளிம்பைக் கொக்கிக்குள் செருகி மெல்ல ஆட்டினார். பொத்தென்று விழுந்தது. காரணம் கண்ணெதிரே தெரிந்துவிட்டது. கொஞ்சமாக வளைப்பதும் மறுபடி போட்டுப் பார்ப்பதுமாக வேலை நடந்தது. கட்டைவிரலின் லேசான அழுத்தத்துக்கு விளிம்பு உள்ளே போக வேண்டும், ஆட்டினாலும் விழக்கூடாது. பிடி அதற்கும் மேலே இறுகினால் தோட்டா ஏறாமல் நின்றுவிடும். அந்த இடைப்பட்ட பதத்தை விரல்தான் சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்துப்போன வேலை இது.

அப்படியே விசையின் கனத்தையும் குறைத்துத் தரலாமா என்று கேட்டேன். கண்டிப்பாக மறுத்துவிட்டார். தோட்டாவை வெடிக்கவைக்க விழுகிற சுத்தியல்தான் ஹேமர், விசையை இழுக்கும் வரை அதைப் பிடித்து வைத்திருப்பது சியர். சியரிலும் ஹேமர் கொக்கியிலும் மயிரிழை தேய்ந்தால்கூட, ஸ்லைடு மூடும்போது ஹேமரும் கூடவே விழுந்து தானாக வெடிக்க வாய்ப்புண்டு. தகுந்த ஜிக் (பாகத்தைச் சரியான கோணத்தில் பிடித்துக்கொள்ளும் கருவி) வைத்திருக்கிற, துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழில்முறை கன்ஸ்மித்திடம் போ என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

திரும்பப் பூட்டும்போது இடப்பக்கச் சட்டத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டினார். ஸ்லைடைப் பின்னால் நிறுத்திவைக்கும் நெம்பான ஸ்லைடு ஸ்டாப்பைச் செருகும்போது அங்கே பிறை வடிவில் கீறல் விழுவது 1911 வைத்திருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். பிறகு கட்டைவிரல் சேஃப்டி, கைப்பிடியை இறுகப் பிடித்தால்தான் சுட விடும் பிடிச் சேஃப்டி, ஸ்லைடு முழுதாக மூடும்வரை சுட விடாத டிஸ்கனெக்டர் எல்லாவற்றையும் சோதித்தோம். ரேஞ்சில் முதலில் மேகசினுக்கு இரண்டு தோட்டா மட்டும் போட்டுச் சுட்டேன். இப்போது உறைகள் எல்லாம் வலப்பக்கம், ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுகின்றன.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவே உரிமம் வேண்டும். அங்கே வீட்டில் வைத்து இதைச் செய்யாதீர்கள்.