புதுப்பிப்பு: எட்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் வேலை கிடைத்தது

மாமியாரை அவருடைய கடைசி நாள்வரை எட்டு ஆண்டுகள் கவனித்துக்கொண்டு வீட்டிலிருந்த நான், 44 வயதில் எப்படி வேலை தேடுவது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது.

இடைவெளியை மறைக்காமல், அந்த ஆண்டுகளில் செய்ததை வேலையாகவே எழுதச் சொன்னார் ஒருவர். வாரம் மூன்று முறை டயாலிசிஸ், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, முன் அனுமதி, நிராகரிக்கப்பட்ட பில்லுக்கு மறு விண்ணப்பம் என எல்லாவற்றையும் எழுதினேன். நேர்காணலில் என் பழைய கணக்கர் வேலையைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. பில் நிராகரிக்கப்பட்டால் நோயாளியின் குடும்பத்தாரிடம் எப்படிப் பேசுவீர்கள் என்றுதான் கேட்டார்கள். அதற்குப் படித்துவிட்டா போக வேண்டும்!

சொந்தக்காரர்களை விட்டு, அரைகுறையாகத் தெரிந்தவர்களிடம் கேளுங்கள் என்றார் இன்னொருவர். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-லேயே இதை எழுதியிருக்கிறாராம்: நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததே தெரியும், தூரத்துப் பழக்கம்தான் புதுச் செய்தி கொண்டுவரும். நான் நம்பவில்லை. ஆனால் சித்தப்பாவும் மைத்துனரும் 'பார்க்கலாம்' என்றதோடு சரி. டயாலிசிஸ் அறைக்கு வெளியே என்னோடு காத்திருந்த ஓர் அம்மாவின் மகள்தான் காலியிடத்தைச் சொன்னார். நாங்கள் பேசி இரண்டு ஆண்டு ஆகியிருந்தது.

எதிர்பாராதது: எக்செல் தேர்வு வைத்தார்கள், தடுமாறினேன். சம்பளமும் கேட்டதைவிடக் குறைவு. ஆறு மாதத்தில் மறுபரிசீலனை என்று எழுத்தில் வாங்கியிருக்கிறேன்.