மட்டி எடுக்கும் கழிமுகத்தில் கழிவுநீர்: சோதனை பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். சென்னைக்குத் தெற்கே ஒரு கழிமுகக் கிராமம் எங்களுடையது. அம்மாவும் சித்தியும் தண்ணீர் வற்றும் நேரத்தில் இறங்கி, காலால் சேற்றைத் தடவி மட்டி எடுத்து விற்கிறார்கள். போன வருடம் மேலே ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. குளோரின் போட்டுத்தான் விடுகிறார்களாம். சரி, ஆனால் மழைக்கு மறுநாள் வாய்க்கால் சாம்பல் நிறத்தில் நுரைத்து வருகிறதே!

ஒரு லேபில் தண்ணீர் கொடுத்தேன். மலக்கோலிஃபார்ம் (மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா) 100 மில்லிக்கு 240. அமெரிக்காவில் சிப்பி எடுக்கும் நீருக்கு வரம்பு 14 தான். ஆனாலும் ஒரே பாட்டிலை வைத்து யாரிடமும் பேச முடியாது.

நான் கொண்டுபோனது வெறும் பாட்டில். மிச்சக் குளோரினை முறிக்க சோடியம் தயோசல்பேட் போட்ட பாட்டில் வேண்டும், இல்லாவிட்டால் வழியிலேயே பாக்டீரியா செத்து எண்ணிக்கை குறைந்துவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. அப்படியென்றால் உண்மையில் 240-க்கும் மேலேயா?

மாதிரியை ஏற்றத்தில் எடுப்பதா, வற்றத்திலா? மட்டி தண்ணீரை வடிகட்டித் தின்பதால் கிருமி உடம்பில் சேருமே. ஐரோப்பாவில் மட்டிச் சதையிலேயே ஈ. கோலை (அதே வகை மலப் பாக்டீரியா) பார்க்கிறார்கள். இங்கே சதையைச் சோதிக்கும் லேப் எங்கே இருக்கிறது, என்ன செலவாகும்?

"வேகவச்சா எல்லாம் செத்துடும்" என்கிறார் அம்மா. வாந்தி பேதி தரும் நோரோவைரஸ் லேசான ஆவிக்கும் குளோரினுக்கும் அவ்வளவு எளிதில் மசியாது என்று அவருக்கு எப்படிச் சொல்வது?