பேஜ்மேக்கர், பப்ளிஷர் ஃபைல்களை வெளியே எடுத்த அனுபவங்கள்: டெல்டா அச்சக நண்பர்கள் எழுதுங்கள்

கும்பகோணம் டிடிபி

2016 மகாமகத்துக்கு அடித்த கோயில் கையேட்டை 2028க்குத் திருத்தி அடிக்க வேண்டும் என்று பழைய சிடியோடு வந்தார்கள். அத்தனையும் பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தது. திறப்பது பெரிய வேலை இல்லை. அதற்குப் பின் வந்த இன்டிசைனின் சிஎஸ்6 பதிப்பு அப்படியே திறக்கும். அதில் ஐடிஎம்எல்லாக (பதிப்பு மாறினாலும் திறக்கும் இன்டிசைன் ஃபைல்) எக்ஸ்போர்ட் செய்தால் இப்போதைய சந்தா பதிப்பான இன்டிசைன் சிசியில் ஏறிவிடும். சிசி நேராக பிஎம்டி என்ற பேஜ்மேக்கர் ஃபைலை எடுக்காது.

மேட்டரை யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) மாற்றிய பிறகு வந்ததுதான் இன்னும் உறுத்துகிறது. கடைசிப் பக்கத்துப் பெயர் அட்டவணையை அகர வரிசையில் போட்டால் செம்பனார்கோயில், செளந்தரராஜப் பெருமாள், சேங்காலிபுரம் என்று நிற்கிறது. நாகை சௌந்தரராஜர் ‘சோ’ வரிசை முடிந்த பிறகல்லவா வர வேண்டும்? பழைய எழுத்துருக்களில் ஔகாரத்துக்குக் கொம்பு, சகரம், ளகரம் என்று மூன்று தட்டு. யூனிகோடுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் அதை ‘செ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாகவே கொண்டுவந்து வைக்கிறது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எத்தனை புரூஃப் பார்த்தாலும் சிக்காது. வரிசைப்படுத்தும்போதும் தேடும்போதும்தான் பிடிபடும்.

மயிலாடுதுறை ஆப்செட்

அண்ணே, அதற்கு ரிப்ளேஸ் ஆல் மட்டும் போட்டுவிடாதீர்கள். கல்யாணப் பத்திரிகையில் மணமகள் பெயருக்கு முன்னால் வரும் ‘சௌ.’ சரியாகட்டும் என்று கொம்பும் ளகரமும் சேர்ந்த இடத்தையெல்லாம் ஔகாரமாக்கினால், முகூர்த்த வரியில் இருக்கும் ‘வெள்ளிக்கிழமை’ உடைந்துவிடும். ளகரம் காணாமல் போய், அதன் புள்ளி மட்டும் ஒரு வெற்று வட்டத்தின் மேல் தனியாக நிற்கும். தெளிவு, வெளியீடு, கெளுத்தி எல்லாவற்றுக்கும் அதே கதிதான். இன்டிசைனில் கிரெப் என்ற நிபந்தனைத் தேடல் இருக்கிறது, அதில் இப்படி நிபந்தனை வையுங்கள்: கொம்புக்கு அடுத்த ளகரம், அதன் பின்னால் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இருக்கக் கூடாது. அதை மட்டும் மாற்றினால் ‘சௌ.’ திருந்தும், வெள்ளிக்கிழமை தப்பிக்கும்.

பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த மேட்டருக்கு இன்னொரு எச்சரிக்கை. அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கில ‘எம்’ இருக்கும் இடத்தில் ‘ஆ’. மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் டைம்ஸ் எழுத்துருவில் இருக்கும் பட்டத்தையும் சேர்த்துக் கன்வெர்ட் செய்தால் எம்.ஏ.வின் எம் ‘ஆ’ ஆகிவிடும். முதலில் ஃபைண்ட் சேஞ்சில் எழுத்துருப் பெயர் கொடுத்து ஆங்கிலத் துண்டு அனைத்துக்கும் சிவப்பு நிற கேரக்டர் ஸ்டைல் போடுங்கள். சிவப்பாக இருப்பது எதுவும் கன்வெர்ட்டருக்குள் போகக் கூடாது.

தஞ்சை பிரிண்டர்ஸ்

நீங்கள் இருவரும் சொல்வது புத்தக வேலைக்குச் சரி. எல்லா ஃபைலையும் யூனிகோடுக்கு இழுக்க வேண்டும் என்பதை நான் ஏற்க மாட்டேன். கோயில் திருவிழா நோட்டீசில் வருஷத்துக்கு வருஷம் தேதியும் உபயதாரர் பெயரும்தான் மாறுகிறது. அதற்கு மொத்த மேட்டரையும் மாற்றிப் புதிதாக புரூஃப் பார்ப்பது வீண் ஆபத்து. அண்மையில் வந்த ஒரு தேர்த் திருவிழா நோட்டீசைப் பேஜ்மேக்கரிலேயே முடித்துக் கொடுத்தோம்.

செய்ய விரும்புகிறவர்களுக்கு வழி இது. விர்ச்சுவல் பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி, ராம் 512 எம்பி போதும். இணையத்தைத் துண்டித்து வையுங்கள், அந்த விண்டோசுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2014லேயே நின்றுவிட்டது. வெளியே கொடுக்க வாங்க ஒரு ஷேர்டு ஃபோல்டர். உள்ளே பேஜ்மேக்கர், அக்ரோபாட் டிஸ்டில்லர், உங்கள் எழுத்துருக்கள். பிரிண்ட் கொடுக்கும்போது போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டரைத் தேர்ந்து ஃபைலாக எழுதி, டிஸ்டில்லரில் பிடிஎஃப் ஆக்குங்கள். பிளேட் போடும் இடத்துக்கு அனுப்புமுன் அக்ரோபாட்டில் டாகுமென்ட் ப்ராபர்டீஸ், ஃபான்ட்ஸ் பக்கம் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ‘எம்பெடட்’ (எழுத்துரு பிடிஎஃப்புக்குள்ளேயே சேர்ந்திருக்கிறது) என்று இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் அங்கே வேறு எழுத்துரு ஏறி, சுவாமி பெயர் ஆங்கிலக் குப்பையாக பிளேட்டில் விழும். படங்கள் பெரும்பாலும் பிஎம்டிக்குள் இருக்காது, லிங்க்தான். ஃபைலை மட்டும் பென்டிரைவில் வாங்கிவராமல் படம் இருக்கும் ஃபோல்டரையும், முக்கியமாக எழுத்துரு ஃபைல்களையும் கேட்டு வாங்குங்கள். எழுத்துரு போனால் மேட்டரை வாசிக்கவே முடியாது.

திருவாரூர் ஜாப் ஒர்க்

மைக்ரோசாஃப்டின் பப்ளிஷர் மென்பொருள் பற்றி யாரும் பேசவில்லை. 2026 அக்டோபரோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்துகிறது. மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவில் இருப்பவர்களுக்கு அதன் பிறகு பப் என்ற பப்ளிஷர் ஃபைல் அதில் திறக்கவே திறக்காது. பள்ளி ஆண்டு மலர் ஒன்றைப் பிடிஎஃப் ஆக்கி வேர்டில் திறந்து பார்த்தோம். ‘கொடி’யில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். பிடிஎஃப் எழுத்தின் வடிவத்தை வரிசையாக அடுக்குகிறதே தவிர, நாம் தட்டச்சு செய்த வரிசையை வைத்திருப்பதில்லை. பிடிஎஃப் பார்க்கவும் அடிக்கவும் மட்டுமே. பப்ளிஷர் ஓடும்போதே ஒவ்வொரு டெக்ஸ்ட் பாக்சிலும் நின்று கன்ட்ரோல் ஏ, காப்பி, வேர்டில் பேஸ்ட். தேதி தாண்டிவிட்டால் லிப்ரே ஆபீஸ் டிரா பப் ஃபைலைத் திறக்கும், பிஎம்டியையும் திறக்கும். லேஅவுட் அங்கங்கே நகர்ந்திருக்கும், மேட்டர் கிடைத்துவிடும்.

கும்பகோணம் டிடிபி

தஞ்சை நண்பருக்கு: அந்த எக்ஸ்பியை நம் காலத்துக்குப் பிறகு யார் இயக்குவார்கள்? வேலைக்கு வரும் பிள்ளைகள் தட்டச்சு செய்வது யூனிகோடில்தான். நோட்டீசையும் ஒருமுறை மாற்றிவிட்டால் அடுத்த வருஷம் அந்தக் கவலையே இல்லை.

புதிதாக எதற்கு மாறலாம் என்று தனியாகக் கேட்டவர்களுக்கும் இங்கேயே சொல்கிறேன். சந்தா கட்ட முடிந்தால் இன்டிசைன். எந்த டாகுமென்ட்டும் திறக்காத நிலையில் பாரகிராஃப் பேனல் மெனுவில் வேர்ல்டு ரெடி பாரகிராஃப் கம்போசரைத் தேர்ந்து வையுங்கள், இனி தொடங்கும் டாகுமென்ட் எல்லாம் அதையே எடுக்கும். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். காசில்லாமல் வேண்டுமென்றால் ஸ்கிரைபஸ் 1.6, தமிழ் ஒழுங்காகச் சேர்கிறது, நான்கு நிற அச்சுக்கான சிஎம்ஒய்கே பிடிஎஃப் தருகிறது. பழைய 1.4 வேண்டாம், அதில் தமிழ் உடையும். அஃபினிட்டி பப்ளிஷர் 2 பார்க்க அழகான மென்பொருள், ஆனால் கொம்பு இடம் மாறுவதால் தமிழ் வேலைக்கு ஆகாது. எதை வாங்குவதானாலும் ‘ஸ்ரீ கௌரி கொடி வெள்ளி’ என்று ஒரு வரி அடித்து, பிடிஎஃப் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.