சனசமூக நிலையத்து விழாவும் ஒரு தொலைபேசி அழைப்பும்

பனையடியான்:
வன்னியில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவுக்கு ஒரு கிழமை இருக்கையில், புலனாய்வுப் பிரிவு ஒன்றிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவர் எங்கள் தலைவரை அழைத்தார். யார் யார் உரையாற்றுகிறார்கள், கனடாவிலிருந்து காசு அனுப்பியவர் யார், நிருவாகத்தினரின் அடையாள அட்டை இலக்கங்கள் என்ன என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் மறுநாளே மூன்று பெற்றோர் தங்கள் பிள்ளைகளின் நடனத்தை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிடும்படி சொல்லிவிட்டார்கள். 2009 மே மாதத்தில் போர் முடிந்துவிட்டது என்று அறிவித்த அரசுக்கு, புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைகளுக்குக் கேடயம் கொடுக்கும் விழாவில் என்ன அலுவல் இருக்கிறது என்பதே என் கேள்வி.

வெள்ளவத்தையான்:
உங்கள் மனவருத்தம் விளங்குகிறது, அண்ணா. ஆயினும் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயுத இயக்கத்தோடு போரிட்ட அரசு எதுவும், போர் முடிந்த மறுநாள் கோப்புகளை மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போவதில்லை. ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு பெற்று ஊர்களுக்குத் திரும்பினார்கள். அவர்களை அரசு கவனித்துக்கொண்டிருந்தது என்பதில் வியப்பில்லை. 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடையிலும் கட்டுவப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்களுக்குள் குண்டுகள் வெடித்தபோது, புலனாய்வுத்துறை எங்கே போயிற்று என்று கேட்டவர்களும் நாம்தானே? ஓர் அழைப்பு கைது ஆகிவிடாது.

கறுப்பு அங்கி:
நீங்கள் காட்டிய உதாரணம் உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. அந்தத் தாக்குதல் பற்றிய எச்சரிக்கை ஏப்ரல் முற்பகுதியிலேயே கையில் கிடைத்திருந்தது. கிடைத்த தகவலின் மீது நடவடிக்கை எடுக்கத் தவறியதற்காகவே 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவையும் உயர் அதிகாரிகளையும் பொறுப்பாளிகளாகக் கண்டு, அவர் மட்டும் 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அன்று குறைந்தது கண்காணிப்பு அல்ல.

"அழைப்புத்தானே" என்பதற்கும் ஒரு பதில் உண்டு. அந்த அழைப்புக்குப் பின்னால் 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் நிற்கிறது. மூன்று ஆண்டுகளுக்கென்று கொண்டுவரப்பட்டு 1982 இல் நிரந்தரமாக்கப்பட்ட அந்தச் சட்டம், "தற்காலிக ஏற்பாடுகள்" என்ற சொற்களை இன்றும் தன் பெயரில் சுமந்துகொண்டிருப்பது எங்கள் சட்டப் புத்தகங்களின் கசப்பான நகைச்சுவை. நீதிமன்றக் குற்றச்சாட்டு ஏதுமின்றி அமைச்சரின் கட்டளையால் 18 மாதங்கள் வரை தடுத்துவைக்க அது இடமளித்தது. 2022 திருத்தம் அதை 12 மாதங்களாகக் குறைத்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் நிலைக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் சான்றாகும் என்ற ஏற்பாட்டை அந்தத் திருத்தமும் தொடவில்லை. சிங்களத்தில் எழுதப்பட்ட தாளில், அதை வாசிக்கத் தெரியாதவர்கள் கையொப்பமிட்ட வழக்குகள் எத்தனை! "நாலாம் மாடி" என்ற சொல்லை, அதாவது கொழும்பில் விசாரணைக்குக் கொண்டுபோகும் பொலிஸ் தலைமையகத்தின் பெயரைக் கேட்டதும் பெற்றோர் ஏன் பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்கிறார்கள் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டுமா?

வெள்ளவத்தையான்:
சட்டம் மோசமானது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் விடுதலைப் புலிகளுக்கும் ஒரு புலனாய்வுத்துறை இருந்தது. வன்னியை விட்டு வெளியேற "பாஸ்" எடுக்க வேண்டியிருந்தது. பிணை நிற்க ஆள் காட்ட வேண்டியிருந்தது. அன்று இதே கேள்வியை எழுத்தில் கேட்டவர் எத்தனை பேர்?

முல்லைக்கரை:
தம்பி, அந்தப் பாஸுக்கு வரிசையில் நின்றவள் நான். நீங்கள் சொல்வது உண்மை. எங்களில் பலர் அதைச் சொல்லாமல் மறைப்பதும் உண்மை. ஆனால் முதலாமவர் கேட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதற்காக, இரண்டாமவர் கேட்கும்போதும் அப்படியே இருக்க வேண்டும் என்று எந்த நியாயம் சொல்கிறது?

நான் வேறொன்றைக் கவனித்தேன். கனடாக் காசு பற்றி அழைத்தவருக்கு எப்படித் தெரிந்தது? காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய நாள் முதல் நானும் போய்வருகிறேன். வீதிக்கு அப்பால் நின்று படம் எடுப்பவரைப் பற்றி எங்களுக்குப் பெரிய பயம் இல்லை. அவர் யாரென்று தெரியும், சில நாட்களில் தேநீர் கொடுத்தும் இருக்கிறோம். முதல் நாள் இரவு எங்கள் வீட்டு விறாந்தையில் பேசிய கதையை மறுநாள் ஒருவர் தொலைபேசியில் திருப்பிச் சொல்லும்போதுதான் உடம்பு கூசும். பிறகு கூட்டத்துக்கு வந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கத் தொடங்குவோம். அப்படி நினைத்தே இரண்டு பெண்களைத் தள்ளிவைத்தோம். அவர்களில் ஒருத்தி குற்றமற்றவள் என்று பின்னர் தெரிந்தது. அவள் திரும்பி வரவில்லை.

வெள்ளவத்தையான்:
அக்கா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. கண்காணிப்பே கூடாது என்பதை இப்போதும் ஏற்கமாட்டேன். ஆனால் கேட்பவர் பெயரும் பதவியும் காரணமும் எழுதிக் கேட்கட்டும் என்றால் உடன்படுகிறேன்.

கறுப்பு அங்கி:
கடிதம் இருந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு எடுத்துப் போகலாம், நீதிமன்றத்தில் காட்டலாம். வெறும் குரலை எங்கே காட்டுவது? அழைப்பு வந்த இலக்கம், நேரம், கேட்ட கேள்விகள் ஆகியவற்றை அன்றைக்கே கொப்பியில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். எழுத்தில் கேளுங்கள் என்று நாம் சொன்னால் அடங்காதவர்கள் என்று பெயர் வைப்பார்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

பனையடியான்:
எல்லோருக்கும் நன்றி. உரையாற்றுவோரின் பெயர்களை அழைப்பிதழிலேயே அச்சிட்டு நிலையத்துப் படலையில் ஒட்டிவிட்டோம், யாரும் பார்க்கலாம். அடையாள அட்டை இலக்கங்களைக் கடிதம் வந்த பின்னரே தருவதாகத் தலைவர் சொல்லிவிட்டார். நடனங்களில் ஒன்று திரும்பச் சேர்ந்திருக்கிறது. கனடாக் காசு பற்றி எங்களில் ஆறு பேருக்குத்தான் தெரியும். அவர்களில் ஒருவரான பொருளாளர் நேற்றிரவு விலகல் கடிதம் கொடுத்துவிட்டார். ஏனென்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.